நாலு கால் சேவல் மார்க் லோரி

போன திங்கட்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு தலையணை உறையை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுபோய் ஒரு ஜப்பான் ஆபீஸர் கையில கொடுக்கணும். கொடுத்துட்டு வந்துடணும்.

தலையணைகூட இல்லை. வெறும் உறை.

கான்வென்ட்டுல என்கூடப் படிச்ச தங்கங்களே, இந்த நோட்டு உங்க கைக்கு வரும்போது நான் உயிரோடதான் இருப்பேன். நீங்க பயப்பட வேண்டாம். படவேண்டிய பயத்தை எல்லாம் நானே பட்டு முடிச்சிட்டேன். ஜன்னல்ல கறுப்புத் துணியைக் கட்டிக்கிட்டு, தேங்காயெண்ணெய் விளக்குல இதை எழுதறேன். பிள்ளை தூங்குது. வெளியில பூட்ஸ் சத்தம் கேட்டா நோட்டை அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிடுவேன். அரிசி இல்லாததால பானையில இடம் தாராளமா இருக்கு.

சரி, தலையணை உறைக்கு வரேன்.

எங்க வீட்டுக்காரர் சண்டைக்கு முன்னாடி மோட்டார் கம்பெனியில பிக்கப் லோரி விக்கிறவர். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்போ கோலாலம்பூர்ல மூணு மார்க் பிக்கப் லோரி ஓடுச்சு. யானை மார்க், நங்கூர மார்க், சேவல் மார்க். இவர் யானை. கல்யாணத்தன்னிக்கு ராத்திரி என்கிட்ட இவர் பேசின முதல் வார்த்தையே, "யானை மார்க்குக்குப் பின்னாடி எத்தனை மூட்டை ஏத்தலாம் தெரியுமா?"ங்கறதுதான். எனக்குத் தெரியலை. சொன்னார். விடிஞ்சிடுச்சு.

ஜப்பான்காரன் வந்ததும் கம்பெனி வெள்ளைக்கார தொரை கணக்குப் புஸ்தகத்தை எல்லாம் எரிச்சுட்டு சிங்கப்பூருக்கு ஓடிட்டார். இவருக்கு வேலை போச்சு. ரெண்டு வருஷமா மரவள்ளிக்கிழங்கு நட்டுக்கிட்டு இருக்கார். அந்தக் கிழங்கையும் பாசார்ல யானை மார்க் லோரி மாதிரித்தான் விக்கிறார். "ஒரு தடவை வாங்கினா ஏழு வருஷம் உழைக்கும்மா!"

இதுவரைக்கும் சிரிச்சாச்சு. இனிமே சிரிக்க முடியாத ஒண்ணு. வேலைச் சீட்டு இல்லாத ஆம்பளைங்களைப் பிடிச்சு சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பறாங்க. எங்க எதிர் வரிசையில ரெண்டு பேர் போனாங்க. ஒரு கடுதாசி கிடையாது. அந்த வீட்டு அக்கா தினமும் வாசல்ல வந்து நிப்பாங்க, தபால்காரன் வர்ற நேரத்துக்கு. அவங்களைப் பார்த்தா நான் கதவைச் சாத்திடுவேன். அவ்வளவு கோழை நான்.

இந்த நேரத்துல கிள்ளான்ல இருக்கிற ஜப்பான்காரன் லோரி ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு. மோட்டார் கம்பெனியில இருந்தவங்க எல்லாம் திங்கட்கிழமை வரணுமாம். எந்த மார்க் பிக்கப் எத்தனை வித்துச்சுன்னு கணக்குக் கொண்டாரணுமாம். எது அதிகமா வித்துச்சோ, அந்த ஆளுக்குப் பெரிய வேலையாம்.

பெரிய வேலைன்னா வேலைச் சீட்டு! சீட்டு இருந்தா சயாம் இல்லை!

இவர் முகத்துல ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் விளக்கு எரிஞ்சுது. "தனம், எனக்குக் கணக்கெல்லாம் மண்டையில இருக்கு. நீ எழுது."

எழுத பேப்பர் இல்லை, இந்த நோட்டு அதுக்கப்புறம் கைக்கு வந்தது. வீட்டுல இருந்த கடைசிப் பேப்பரை அடுப்புப் பத்தவெக்க எரிச்சதே நான்தான். சிலேட்டுல எழுதலாம்னா, பிள்ளை நக்கி அழிச்சிடும். அதோட அந்த ஆபீஸருக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது.

அப்பத்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. என் வாழ்க்கையில நடந்த கெட்டதெல்லாம் என் மூளை வேலை செஞ்ச நாள்லதான் நடந்திருக்கு.

நம்ம பூகோளப் புஸ்தகத்துல படம் போட்டிருக்குமே, ஞாபகம் இருக்கா? எந்த நாட்டுல எவ்வளவு கோதுமைன்னு, மூட்டை மேல மூட்டையா அடுக்கி? ஒரு மூட்டை படம்னா இத்தனை ஆயிரம் மூட்டைன்னு கீழ எழுதியிருக்கும். எழுத்துத் தெரியாதவன்கூடப் பார்த்தாலே புரிஞ்சுக்கலாம். அதே மாதிரி லோரி மேல லோரியா அடுக்கினா?

பேப்பர் இல்லைன்னா என்ன, என் சீதனத் தலையணை உறை ரெண்டு புதுசா இருந்துச்சு. முன்பக்கம் ரெண்டு கிளியும் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'னு இங்கிலீஷும் நான் தைச்சது. பின்பக்கம் வெறும் வெள்ளை. தையல் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த சங்கிலித் தையல் எதுக்கு இருக்கு?

மூணு ராத்திரி உக்காந்து தைச்சேன். அடியில யானை, நங்கூரம், சேவல். ஒவ்வொண்ணு தலைமேலயும் லோரி மேல லோரி. ஒரு லோரி படம்னா பத்து லோரி.

நிஜக் கணக்குப்படி நங்கூரம் எட்டுப் படம், யானை ஏழு, சேவல் ஒண்ணு.

இவர் பார்த்தார். முகம் தொங்கிப்போச்சு. "ஒரு படம்னா பத்து லோரியா?"

"ஆமாங்க."

"அப்போ ரெண்டே ரெண்டு படம் சேர்த்தா இருபது லோரி கூடுமா?"

"கூடும். ஆனா அது பொய்யில்ல?"

"பொய் இல்லை தனம். சண்டை வராம இருந்திருந்தா அந்த இருபதையும் நான் வித்திருப்பேன்."

பச்சை நூல் தீர்ந்துபோச்சு. பிள்ளையோட குல்லாவைப் பிரிச்சு அந்த நூலை எடுத்து ரெண்டு லோரி சேர்த்தேன். யானை ஒன்பது. மாதாவே மன்னிச்சுடுங்க, முருகா நீங்களும்னு ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மூச்சுல சொல்லிட்டேன்.

திங்கட்கிழமை கிளம்பினோம். நான் எதுக்குப் போகணும்னு கேட்டேன். "படத்தை விளக்க நீ வேணும். அதோட பிள்ளைத்தாய்ச்சியை முன்னாடி நிறுத்தினா அறைய மாட்டான்"னார். பிள்ளை பெத்து எட்டு மாசம் ஆச்சுன்னு சொன்னேன். "அவனுக்கு எப்படித் தெரியும்?"னார். பிள்ளை என் இடுப்புலதான் இருந்துச்சு.

கிள்ளான் ஸ்டேஷன்ல காவலுக்கு நிக்கிற சோல்ஜர் முன்னாடி குனியணும் இல்லையா, பயத்துல நான் கொஞ்சம் அதிகமாவே குனிஞ்சுட்டேன். பிள்ளை தலைகீழாத் தொங்குச்சு. தொங்கின பிள்ளை அந்த சோல்ஜரோட பூட்ஸ் நாடாவைப் பிடிச்சு இழுத்துடுச்சு. நாடா அவுந்துபோச்சு!

 இவர் கண்ணை மூடிட்டார். புருஷன்னா இப்படித்தான் இருக்கணும்.

அந்த சோல்ஜர் நாடாவைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். அவனும் பதினெட்டு வயசுக்கு மேல இருக்க மாட்டான். 'போ போ'ன்னு கையை ஆட்டிட்டுக் குனிஞ்சு நாடா கட்டினான். இவர் கண்ணைத் திறந்தப்போ அவன் குனிஞ்சிருக்கறதைப் பார்த்துட்டு, பதிலுக்கு இவரும் குனிஞ்சார். அவன் நிமிர்ந்தான். இவர் நிமிரலை. நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்.

லோரி ஆபீஸ் வராந்தாவுல ஒரு பெஞ்சி. அதுல ஏற்கெனவே ஒருத்தர் உக்காந்திருந்தார். எங்க வீட்டுக்காரரோட பரம எதிரி மாசிலாமணி. நங்கூர மார்க்.

இவங்க ரெண்டு பேரும் ஒரே சீனத் தவுக்கே முதலாளி கடை வாசல்ல, ஒரே நாள்ல, ஆளுக்கொரு லோரியை விக்கப்போய் சட்டை கிழிஞ்சவங்க. என் புருஷன் பேரை நான் எழுத மாட்டேன், மாசிலாமணி வாயில வரும், அதுல பார்த்துக்கோங்க.

"வாய்யா நடேசா! யானை இன்னும் உயிரோட இருக்கா?"

"நங்கூரம் மாதிரி அடியில போய்ப் படுத்துக்கலை!"

"எத்தனை வித்தே?"

"உன்னைவிட அதிகம்."

"எங்க காட்டு!"

இவர் துணியை விரிச்சார். கையில கணக்கு எதுவும் கொண்டாராத மாசிலாமணி விரலை வெச்சு எண்ணினார். எட்டு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே எண்ணினார். ஒன்பதாவது லோரியில விரல் நின்னுபோச்சு.

"இந்த மேல் ரெண்டு லோரி வேற பச்சையா இருக்கே?"

"அது புது மாடல்"னார் இவர், கண்ணை இமைக்காம.

"தங்கச்சி, நீங்க சொல்லுங்க. கான்வென்ட்டுல படிச்சவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

நான் பிள்ளைக்கு விக்கல் எடுக்குதுன்னு முதுகைத் தட்ட ஆரம்பிச்சேன். பிள்ளைக்கு விக்கலே இல்லை.

அதுக்குள்ள உள்ளருந்து காதர் பாய் வந்தார். அவர்தான் அங்க மொழிபெயர்ப்பு. சண்டைக்கு முன்னாடி துணிக்கடை வெச்சிருந்தவர். ஜப்பான்காரங்க மொத்தக் கடையில வருஷக்கணக்கா துணி எடுத்ததுல அந்த பாஷை வந்திருக்கு. துணி சம்பந்தப்பட்டதை எல்லாம் அட்சரசுத்தமாப் பேசுவாராம். மத்ததை எல்லாம் குத்துமதிப்பாத்தான்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்கலா!"ன்னார் பாய்.

ரெண்டு பேரும் எழுந்தாங்க. அந்த நேரம் பார்த்து மணி அடிச்சுது. டோக்கியோ மணிப்படி பன்னெண்டு. நம்ம பழைய மணிக்குப் பத்தரைதான். பத்தரைக்கே ஆபீஸர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிட்டார். போகும்போது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. குட்டையான ஆள், மூக்குக்கண்ணாடி, காக்கிக் கோட்டுல ஒரு பட்டன் நூல்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பயந்தவ கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும்.

பாய் எங்க பக்கத்துல வந்து உக்காந்தார். துணியைக் கையில வாங்கினார். லோரியைப் பார்க்கலை, தையலைத் தடவிப் பார்த்தார். "மாஷா அல்லா, என்னா கை! தங்கச்சி, இது நீங்க செஞ்சதா?"

"ஆமா பாய். எங்க வீட்டுக்காரர் கம்பெனிதான் அதிகம் வித்துச்சு, பாருங்க, ஒன்பது!"

பாய் என்னைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஜெயிச்சவருக்கு என்னா வேலைன்னு தெரியுமா?"

"பெரிய வேலைன்னு சொன்னாங்க."

"பெரிய வேலைதான். எவன் அதிகமா வித்தானோ அவனுக்குத்தான், வண்டியை வாங்கினவன் எந்தக் கம்பத்துல, எந்தக் குக்கிராமத்துல ஒளிச்சு வெச்சிருக்கான்னு தெரியும்னு ஆபீஸர் துவான் நினைக்கிறார். அந்த ஆள் போய் எல்லா பிக்கப்பையும் தேடிப் பிடிக்கணும். பிடிச்சு, வண்டியோட சேர்ந்து அவனும் சயாமுக்குப் போகணும்."

நான் பிள்ளை முதுகைத் தட்டறதை நிறுத்திட்டேன். இப்போ பிள்ளைக்கு நிஜமாவே விக்கல் வந்துடுச்சு.



முதல்ல பேசினது மாசிலாமணி. குரல் தேனா ஒழுகுது. "நடேசா, உண்மையைச் சொல்லணும்னா, யானை மார்க்குதான்யா வண்டி. நங்கூரமெல்லாம் ஒரு வண்டியா?"

"என்ன மாசி இப்படிச் சொல்றே?" இவர் பதறிட்டார். "நங்கூர மார்க் எஞ்சின் மாதிரி வருமா? யானை மேட்டுல ஏறாது. எல்லாருக்கும் தெரியும்."

"நங்கூரத்துக்கு பிரேக் பிடிக்காது!"

"யானைக்கு பிரேக்கே தேவையில்லை, அது ஓடவே ஓடாதே!"

"உன்கிட்ட வாங்கின ஒவ்வொருத்தனும் உன்னை வாழ்த்தறான்யா!"

"என்கிட்ட எவன் வாங்கினான்? என் மாமனாரே உன்கிட்டதான் வாங்கினார்!"

என் அப்பா லோரியே வாங்கினதில்லை. பாவம், அவர் ஸ்கூல் வாத்தியார்.

பத்து வருஷமா அடிச்சுக்கிட்டவங்க. ஒருத்தர் கம்பெனியை ஒருத்தர் இப்படித் தூக்கி வெச்சுப் பேசறதை அந்தக் கம்பெனி தொரைங்க கேட்டிருந்தா, கப்பல்லருந்து குதிச்சு நீந்தியே திரும்பி வந்திருப்பாங்க.

ஆனா நான் துணியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒன்பது லோரி. பச்சையா, கொழுகொழுன்னு. ஒவ்வொரு லோரிக்கும் டயர்ல ஆரக்கால்கூட தைச்சு வெச்சிருக்கேன். என் புருஷனை சயாமுக்கு அனுப்பற டிக்கெட்டை மூணு ராத்திரி கண்ணு முழிச்சு நானே பூ வேலை செஞ்சு கொண்டாந்திருக்கேன்.

"பாய், துவான் எப்போ வருவார்?"

"சாப்பிட்டு, பல்லு குத்திட்டு, அரை மணி நேரம்."

அரை மணி நேரத்துல ஒன்பது லோரியைப் பிரிக்க முடியாது. சங்கிலித் தையலைப் பிரிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். சிஸ்டர் நம்மளை அழ வெச்சதே அதுலதான்.

லோரியைப் பிரிக்க முடியாது. சரி, யானையைப் பிரிக்கலாமே!

"ஏங்க, சேவல் மார்க் வித்தவர் எங்க இருக்கார்?"

"அவனா? சண்டைக்கு முன்னாடியே கடைசிக் கப்பல்ல நாகப்பட்டினத்துக்குப் போயிட்டான்."

"நாகப்பட்டினத்துல போய்ப் பிடிக்க முடியுமா?"

இவர் யோசிச்சார். மாசிலாமணி யோசிச்சார். ரெண்டு பேர் முகத்துலயும் ஒரே நேரத்துல சிரிப்பு வந்துச்சு. அவங்க ஒத்துப்போனது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

தையல் சிஸ்டர் புண்ணியம், பாவாடை மடிப்புல நூல் கோத்த ஊசி எப்பவும் வெச்சிருப்பேன்; மிச்சமிருந்த குல்லா நூலும் கண்டாச் சுத்தி அங்கயே இருந்துச்சு. பிள்ளையை மாசிலாமணி கையில கொடுத்தேன். பிள்ளையோட இடுப்புத் துணியில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டி யானையோட தும்பிக்கையைப் பிரிச்சேன். தும்பிக்கை போச்சு. தந்தம் ரெண்டையும் சேர்த்து அலகாக்கினேன். தலையில கொண்டை வெச்சேன். சின்ன வால் இருந்துச்சு, அதைப் பிரிச்சுட்டு தோகை மாதிரி நாலு இழை இழுத்துவிட்டேன்.

நங்கூரம் ரொம்ப சுலபம். மேல இருக்கிற வளையம் தலை. நடுக்கம்பி கழுத்து. கீழ வளைஞ்சிருக்கறது உடம்பு. ஒரு அலகு, ஒரு கொண்டை, ரெண்டு குச்சிக் கால். நிஜச் சேவலைவிட அதுதான் சேவல் மாதிரி இருந்துச்சு.

"அண்ணே, நூலைப் பிடிங்க!" மாசிலாமணி ஒரு கையில பிள்ளை, இன்னொரு கையில நூல்கண்டு. ஊக்கு இல்லாத பிள்ளை. நடக்க வேண்டியது நடந்துச்சு. அவர் சட்டை நனைஞ்சுது. "பரவாயில்ல தங்கச்சி, தைங்க தைங்க"ன்னார். சயாம் பயம் ஒரு மனுஷனை எவ்வளவு நல்லவனா மாத்துது பாருங்க.

படிக்கட்டுல பூட்ஸ் சத்தம்.

ஊசியை இவர் கையில திணிச்சுட்டு பிள்ளையை வாங்கிக்கிட்டேன். இவர் எங்க வெக்கிறதுன்னு தெரியாம தன் சட்டைக் காலர்ல குத்திக்கிட்டார்.

எல்லாரும் உள்ள போனோம். குனிஞ்சோம். இந்தத் தடவை நான் அளவாக் குனிஞ்சேன்.

ஆபீஸர் துணியை மேஜையில விரிச்சார். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டார். பார்த்தார்.

மூணு வரிசை. மூணு சேவல்.

பாய்கிட்ட என்னவோ கேட்டார். பாய் நெத்தியில வேர்வை. "மூணுமே கோழியா இருக்கேன்னு கேக்குறார்."

"மூணு கிளை!"ன்னார் இவர். "கோலாலம்பூர், கிள்ளான், மேரு. பிக்கப் பூராவும் சேவல் மார்க்தான் துவான். வித்தது ஒரே ஆள். இப்போ நாகப்பட்டினத்துல இருக்கான். வேணும்னா அட்ரஸ்கூடக் கொடுக்கறேன்!"

பாய் மொழிபெயர்த்தார். ஆபீஸர் தலையாட்டினார். அப்புறம் குனிஞ்சு, முதல் சேவலை, அதாவது முன்னாள் யானையை, கிட்டத்துல பார்த்தார். விரலை வெச்சு எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. தும்பிக்கையைப் பிரிச்சேன். வாலைப் பிரிச்சேன். காலைப் பிரிக்கலை!

பாய் எங்க பக்கம் திரும்பினார். "இந்தக் கோழிக்கு எதுக்கு நாலு காலுன்னு கேக்குறார்."

 எதிர் வரிசை வீட்டு அக்கா வாசல்ல நிக்கிறது கண்ணுக்குள்ள வந்துச்சு. நாளையிலிருந்து நானும் அவங்க பக்கத்துல நிக்கணும்.

அப்போ எங்க வீட்டுக்காரர் ஒரு அடி முன்னாடி வந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். லோரி விக்கிற அதே குரல்.

"லோரிக்கு எத்தனை சக்கரம் துவான்? நாலு! அதான் கம்பெனி சேவலுக்கும் நாலு காலு! ரெண்டு கால் சேவல் கூவும், நாலு கால் சேவல் சுமக்கும்! அதுதான் கம்பெனியோட விளம்பரமே!"

பாய் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. துணி வியாபாரத்துல இருக்கிற வார்த்தையை வெச்சே சொல்லியிருக்கணும். ஆபீஸர் ரொம்ப நேரம் சேவலைப் பார்த்தார். உதட்டோரத்துல லேசா என்னமோ அசைஞ்சுது.

"அப்போ நீங்க ரெண்டு பேரும் மோட்டார் கம்பெனியில என்ன செஞ்சீங்கன்னு கேக்குறார்"னார் பாய்.

இதை யாருமே யோசிக்கலை! எல்லா லோரியையும் நாகப்பட்டினத்துக்காரன் வித்தா, இவங்க எதுக்கு அங்க? வேலையே இல்லாதவங்கன்னா, அதுக்கும் சயாம்தான்!

இவர் வாயைத் திறந்தார். ஒண்ணும் வரலை. மாசிலாமணி வாயைத் திறந்தார். அதுலயும் ஒண்ணும் வரலை. லோரி விக்கிற ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல பேச்சு வராம நான் பார்த்ததே இல்லை.

காதர் பாய் இவர் காலர்ல குத்தியிருந்த ஊசியைப் பார்த்தார். மாசிலாமணி கையில இருந்த நூல்கண்டைப் பார்த்தார். அப்புறம் அவராவே ஜப்பான் பாஷையில பேச ஆரம்பிச்சார். இந்தத் தடவை தடுமாற்றமே இல்லை. மடமடன்னு கொட்டுது. துணியைத் தூக்கிக் காட்டறார், தையலைத் தடவிக் காட்டறார், திருப்பிக் கிளி ரெண்டையும் காட்டறார்.

பிறகு எங்க பக்கம் திரும்பி, உதட்டை அசைக்காமச் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் லோரிக்கு சீட்டு உறை தைக்கிற டெய்லருங்க. மூஞ்சியை டெய்லர் மாதிரி வெச்சுக்குங்க."

டெய்லர் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இவர் ஒரு கண்ணைச் சுருக்கி வெச்சுக்கிட்டார்.

ஆபீஸர் எழுந்து வந்தார். நேரா இவர் முன்னாடி வந்து நின்னார். தன் கோட்டுல தொங்கற பட்டனைத் தொட்டுக் காட்டினார்.

"தைக்கச் சொல்றார்"னார் பாய். "இப்பவே. கோட்டைக் கழட்ட மாட்டாராம்."

தங்கங்களே, எங்க வீட்டுக்காரர் தன் வாழ்நாள்ல ஊசியைத் தொட்டதே இல்லை. கொஞ்சம் முன்னாடி காலர்ல குத்திக்கிட்டதுதான் முதல் தடவை. இப்போ ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு ஜப்பான் ஆபீஸர் நெஞ்சுக்கு நேரா நிக்கிறார்.  ஒரு குத்து தவறினா தலை போகும். நிஜமாவே போகும்.

நான் என்ன செய்ய முடியும்? பேசக்கூடாது. சைகை காட்டக்கூடாது. பிள்ளை அழுதுச்சு.

பிள்ளை அழுதா தாய் தாலாட்டுப் பாடலாம். அதுக்கு எந்த நாட்டுச் சட்டத்துலயும் தடை இல்லை.

"ஆராரோ ஆரிரரோ… அடியிலருந்து குத்தி வாங்க… ஆராரோ ஆரிரரோ… ஓட்டைக்குள்ள விட்டு வாங்க…"

இவர் காது விடைச்சுது. அடியிலருந்து குத்தினார்.

"குத்தினது போதுமய்யா… குறுக்கால இறக்கிடுங்க… அந்த ஓட்டை இல்லையய்யா… அடுத்த ஓட்டை கண்மணியே…"

மாசிலாமணி தலையை ஆட்டித் தாளம் போட்டார். ஆபீஸரும் தலையைச் சாய்ச்சு பிள்ளையைப் பார்த்தார். ஊர்ல அவருக்கும் ஒண்ணு இருக்கோ என்னவோ.

"நாலு சுத்து சுத்திடுங்க… நல்லா இறுக்கிடுங்க… ராசா நீ தூங்கு தூங்கு… மூச்சை விடுங்க, செத்துடாதீங்க…"

முடிஞ்சுது. ஆபீஸர் பட்டனை இழுத்துப் பார்த்தார். வரலை. காக்கிக் கோட்டுல பச்சை நூல், குல்லா நூல். இன்னொரு தடவை இழுத்தார். வரவே இல்லை. 'ம்'முன்னு ஒரு சத்தம் கொடுத்துட்டு மேஜைக்குப் போனார்.

போனா, இவரும் கூடவே போனார்!

நூலை அறுக்கணும்னு தாலாட்டுல சொல்ல மறந்துட்டேன். ஊசி இவர் கையில, நூல் அவர் நெஞ்சுல. அவர் ரெண்டு அடி வெச்சா இவரும் ரெண்டு அடி. கோயில் தேரும் வடமும் மாதிரி. ஆபீஸர் திரும்பிப் பார்த்தார். நூலைப் பார்த்தார். குனிஞ்சு, தானே பல்லால கடிச்சு அறுத்தார்.

அப்புறம் ரெண்டு சீட்டு எழுதி, சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்தார்.

கோலாலம்பூர் பக்கத்துல சாலாக் செலாத்தான்ல யூனிஃபார்ம் தைக்கிற பட்டறை. ரெண்டு பேரும் டெய்லர். சயாம் கிடையாது!

துணியை மட்டும் திருப்பிக் கொடுக்கலை. கிளி இருக்கிற பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு கேட்டார். நல்லாத் தூங்குங்கன்னு எழுதியிருக்குன்னு பாய் சொன்னார். மடிச்சு மேஜை டிராயர்ல வெச்சுக்கிட்டார்.

வெளியில வந்ததும் வராததுமா நான் வராந்தாப் படியில உக்காந்து அழுதேன். இவரும் பக்கத்துல உக்காந்து, "ஏன் தனம், சங்கிலித் தையல்னா என்ன?"ன்னார். சிரிக்கிறதா அழறதான்னு தெரியாம ரெண்டையும் செஞ்சேன். காதர் பாய் பிள்ளைக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார். என்ன சொல்லி நன்றி சொல்றதுன்னு தெரியலை. "உங்க பாஷை ரொம்ப நல்லா இருந்துச்சு பாய்"னேன். "துணியைப் பத்திப் பேசினா நான் சக்கரவர்த்தி தங்கச்சி"ன்னார்.

அன்னிலருந்து தினமும் சாயங்காலம் ரெண்டு பேருக்கும் நான் தையல் சொல்லிக்கொடுக்கறேன். ரெண்டு பேருக்கும்தான். கிள்ளான்லருந்து தினம் வர தூரம்னு மாசிலாமணி எங்க வீட்டு ஹால்லயே பாயை விரிச்சுட்டார். இவர் பட்டன். அவர் காஜா. விரல் பூரா கட்டு. பத்து வருஷத்துப் பகை போயி அண்ணன் தம்பியா ஆயிட்டாங்கன்னு நினைச்சு நான் நெகிழ்ந்துபோயிருந்தேன்.

நேத்து வரைக்கும்.

நேத்து வேலைவிட்டு வந்ததும் வாசல்லயே ஆரம்பிச்சுட்டாங்க.

"பட்டன்தான்யா அதிகம் போச்சு இந்த வாரம்!"

"காஜா இல்லாம உன் பட்டன் எங்கய்யா போகும்? காஜாதான் அதிகம்!"

"எண்ணிப் பார்ப்பமா?"

"பார்ப்போம்!"

ரெண்டு பேரும் ஒண்ணா என் பக்கம் திரும்பினாங்க. "தனம், சும்மா ஒரு படம் போட்டுக் காட்டேன். ஒரு பட்டன் படம்னா பத்து பட்டன்…"

மிச்சமிருந்த ஒரே ஒரு உறையை அப்பவே தலையணைக்கு மாட்டி, அதுமேல தலையை வெச்சுப் படுத்துட்டேன்.